சாவியை வீசி எறிந்தால் யாருக்கு லாபம்?

(செய்யூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



டாக்ஸி ஓட்டும் தொழிலாளிகளைப் பற்றி இன்று பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். "மில்லில் நிற்கிறவனுக்கும் வயலில் இறங்குகிறவனுக்கும் டாக்ஸிக்காரன் சங்கதி எதற்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டது நம் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். பிரசவத்துக்கோ பாம்புக் கடிக்கோ செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் ஒழிய நாம் டாக்ஸி ஏறுவது கிடையாது.

ஆனால் அந்த வண்டியை ஓட்டுகிறவன் யார்? செய்யூர், கடப்பாக்கம், கூவத்தூர் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. தாய் நாற்று நட்டுச் சேர்த்த காசில் லைசென்ஸ் எடுத்தவன். மாமல்லபுரத்துக்கு வெளியூர்க்காரர்களை ஏற்றிப் போகிறான். ஒரகடம், மறைமலைநகர் கம்பெனிகளுக்கு இரவு ஷிப்டு ஆட்களைக் கொண்டு விடுகிறான். சென்னையில் கைபேசியைக் கண்ணாடியருகே மாட்டிக்கொண்டு சவாரிக்காகக் காத்துக் கிடக்கிறான். பண்ணை வாசலில் கைகட்டி நின்ற தகப்பனின் மகன் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடித்தால் அது அந்த வீட்டுக்கே ஒரு கௌரவம். அந்தக் கௌரவத்தை நாம் குறைத்துப் பேசப் போவதில்லை. அதை வைத்தே அவனை எப்படி ஏய்க்கிறார்கள் என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

தகராறு எப்படி ஆரம்பிக்கிறது? பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான். பம்பரில் ஒரு கீறல் விழுந்திருக்கும். அதற்கு இரண்டாயிரம் ரூபாயைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார் வண்டிக்காரர். அல்லது நடுராத்திரி திருச்சியிலிருந்து திரும்பியவனை விடியற்காலை நாலு மணிக்கு விமான நிலையத்துக்குப் போகச் சொல்கிறார்.

"தூக்கம் கண்ணைக் கட்டுதுண்ணே."

"முடியலைன்னா சொல்லிடு தம்பி. ஆக்டிங்குக்கு ஆளா பஞ்சம்?"

வார்த்தை தடிக்கிறது. ரோஷம் பொங்குகிறது. சாவியை மேஜைமேல் வீசி எறிந்துவிட்டு வெளியே வருகிறான். "இந்த வண்டி இல்லாட்டி இன்னொரு வண்டி!" சாயங்காலம் டீக்கடையில் இந்தக் கதை பத்துப் பேருக்குச் சொல்லப்படுகிறது. கேட்கிறவர்களும் "சரியாச் செஞ்சே!" என்கிறார்கள்.

வண்டிக்காரர் அந்த நேரத்தில் என்ன கணக்குப் போடுகிறார் தெரியுமா? இருபது நாள் சம்பளம் பாக்கி, அது மிச்சம். பேட்டா பாக்கி; அதுவும் மிச்சம். நோட்டீஸ் கொடுக்க வேண்டியதில்லை, விளக்கம் கேட்க வேண்டியதில்லை, நீக்கினேன் என்று ஒரு வரி எழுத வேண்டியதில்லை. பின்னால் யாராவது கேட்டால், "நான் அனுப்பலையே, அவனாகத்தானே போனான்" என்று சொல்லிவிடலாம். வேலையைத் தானே கைவிட்டுப் போய்விட்டான் என்பது சட்டத்தின் பாஷையிலும் முதலாளிக்கு வெகு சௌகரியமான வாசகம். நம்முடைய ரோஷம் அவருக்கு எழுதிக் கொடுத்த ரசீது!

மில் தோழர்களே, உங்களில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் என்ன நடக்கிறது? முதலில் மெமோ வரும். பதில் எழுத சங்க ஆபீசுக்கு ஓடி வருவீர்கள். விசாரணை நடக்கும். பிறகு சமரச அதிகாரி, தொழிலாளர் கோர்ட்டு. நாளாகும், செருப்புத் தேயும். ஆனால் உங்கள் தகராறுக்கு ஒரு காகிதம் இருக்கிறது. 1965-ல் தொழிற்தகராறுச் சட்டத்தைத் திருத்தி 2ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகு, தனி ஒரு தொழிலாளியின் வேலைநீக்கமும் தொழிற்தகராறாகவே கருதப்பட்டது. டாக்ஸி டிரைவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருந்தது. அவன் சாவியை வீசியதோடு கதவையும் தானே சாத்திவிட்டு வருகிறான்.

டிரைவர்கள் ஒன்றுமே செய்வதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். டாக்ஸி ஸ்டாண்டைப் பாருங்கள். அங்கே சட்டப் புத்தகம் கிடையாது; ஆனால் வரிசையை மீறிச் சவாரி ஏற்றினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பேசிய வாடகைக்குக் கீழே போகக்கூடாது. ஒருவன் விபத்தில் அடிபட்டால் சாயங்காலத்துக்குள் வசூல் ஆகிவிடும். ராத்திரி வழியில் வண்டி நின்றால் யார் போய் இழுத்து வருவது என்பதற்குக்கூட முறை உண்டு. அதிகாரியும் இல்லை, அபராதச் சீட்டும் இல்லை, இவ்வளவு ஒழுங்கு! மில்களில் சங்கம் தோன்றியதும் இந்தமாதிரி வசூலிலிருந்தும் வரிசையிலிருந்தும்தான். ஸ்டாண்டில் ஒரே ஒரு குறை. டிரைவருக்கும் டிரைவருக்கும் தகராறு என்றால் பெரியவர்கள் பேசித் தீர்த்துவிடுகிறார்கள். டிரைவருக்கும் வண்டிக்காரருக்கும் தகராறு என்றால் ஸ்டாண்டு வாய்மூடிவிடுகிறது. ஏனென்றால் அவருடைய வண்டிகளும் அதே நிழலில்தான் நிற்கின்றன!

அப்புறம் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. சம்பள பாக்கிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழக்கம் எங்கிருந்து வந்ததோ! அங்கே ஏட்டையா இரண்டு பேரையும் உட்காரவைத்து, பாதித் தொகைக்கு "முடித்து" விடுகிறார். பாதி கிடைத்ததே என்று இவனும் கும்பிட்டுவிட்டு வருகிறான்.

காக்கிச் சட்டைச் சட்டம்

ஏன் லேபர் ஆபீசுக்குப் போவதில்லை? நாம் பல டிரைவர்களிடம் கேட்டிருக்கிறோம். "சட்டமா? அதெல்லாம் நமக்கு எங்கண்ணே?" என்கிறார்கள். ஆனால் சட்டம் தெரியாதவர்களா அவர்கள்? பர்மிட் எப்போது முடிகிறது, எஃப்.சி. எப்போது காட்ட வேண்டும், பேட்ஜ் இல்லாமல் ஓட்டினால் என்ன, சீருடை இல்லையென்றால் என்ன, எந்தத் தப்புக்கு எவ்வளவு அபராதம் என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். வக்கீல்கூட அவர்களிடம் பாடம் கேட்கலாம்! அவர்களுக்குத் தெரிந்த சட்டமெல்லாம் நடுரோட்டில் கைகாட்டி நிறுத்துகிற சட்டம். கையில் சீட்டுக் கொடுத்துக் காசு வாங்குகிற சட்டம். காசு வாங்கித் தருகிற சட்டம் ஒன்று உண்டு என்பதை அவர்களிடம் யாரும் போய்ச் சொன்னதில்லை.

1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருந்த இடங்களுக்கெல்லாம் பொருந்தியது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றெல்லாம் எழுதிவைத்தது. நேராக வைத்திருந்தாலும் ஏஜெண்டு மூலம் வைத்திருந்தாலும் அவன் தொழிலாளிதான் என்றும் சொன்னது. அறுபது வருஷத்துக்கு மேல் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. அதன் பெயரை எத்தனை டிரைவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்? நான்கு வண்டியைத் தன் பெயரிலும் நான்கு வண்டியை மச்சான் பெயரிலும் போட்டு, எண்ணிக்கையைக் கீழே வைத்துக்கொள்ளும் வித்தை மட்டும் முதலாளிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது அந்தச் சட்டமும் போய்விட்டது. 2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டத்தில் ஐந்து பேர் என்று இருந்த எல்லை, புதிய பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்பில் பத்துப் பேர் ஆகிவிட்டது. நம் பக்கத்தில் பத்து டிரைவர் வைத்திருக்கிற டிராவல்ஸ் எத்தனை இருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். மச்சான் பெயரைக்கூட இனிமேல் தேட வேண்டியதில்லை.

நீ தொழிலாளியே இல்லை!

மணிக்கணக்கைவிடப் பெரிய சூழ்ச்சி வேறொன்று இருக்கிறது. டிரைவரிடம் போய், "நீ தொழிலாளியே இல்லையப்பா, நீ கூட்டாளி, நீ சுயதொழில்காரன், நீயே ஒரு முதலாளி" என்று சொல்வது. கேட்பதற்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! வாரத்துக்குப் பயிர் செய்தவரிடம் "நீயும் பாதி மிராசுதான்" என்று சொன்னதில்லையா? விதையும் உழைப்பும் நஷ்டமும் அவருக்கு. களத்தில் அளக்கும்போது மரக்கால் யார் கையில் இருந்தது?

இது புது வித்தையல்ல. 1910-ல், மோட்டார் டாக்ஸி லண்டன் தெருவுக்கு வந்த கொஞ்ச காலத்துக்குள்ளேயே, ஒரு வழக்கு வந்தது. டிரைவர் காலையில் கம்பெனி ஷெட்டிலிருந்து வண்டியை எடுப்பார். வசூலில் பெரும்பங்கைக் கம்பெனிக்குக் கட்டுவார். விபத்து நஷ்ட ஈடு என்று வந்தபோது மேல் கோர்ட்டு என்ன சொன்னது? இவர் வேலைக்காரரல்ல, வண்டியை வாடகைக்குக் கைவாங்கியவர். ஆகவே தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் இவருக்குக் கிடையாது என்றது.

சரியாகச் சொன்னால் 111 வருஷம் கழித்து, அதே லண்டனில், 2021 பிப்ரவரி 19-ந் தேதி பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டு வேறு தீர்ப்புச் சொன்னது. யாசீன் அஸ்லம், ஜேம்ஸ் ஃபாரர் என்ற இரண்டு டிரைவர்கள் முன்னின்று ஊபர் கம்பெனிமீது போட்ட வழக்கு அது. வாடகையை நிர்ணயிப்பது யார்? கம்பெனி. ஒப்பந்த வாசகத்தை எழுதுவது யார்? கம்பெனி. சவாரி வேண்டாமென்று தள்ளினால் தண்டிப்பது யார்? பயணி போடும் நட்சத்திரத்தை வைத்து வேலையைவிட்டு நீக்குவது யார்? எல்லாம் கம்பெனி! அப்படியானால் காகிதத்தில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் இவர்கள் தொழிலாளிகளே, குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுமுறையும் இவர்களுக்கு உண்டு என்று நீதிபதிகள் ஏகமனதாகச் சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள், அதைக் கவனியுங்கள். சவாரி ஏற்றிச் செல்கிற நேரம் மட்டும் வேலை நேரமல்ல. கைபேசியில் செயலியைத் திறந்துவைத்து, கூப்பிட்டால் போகத் தயாராகக் காத்திருக்கிற நேரமும் வேலை நேரமே என்றார்கள். மாமல்லபுரத்தில் பயணிகள் கோயில் பார்த்துத் திரும்பும்வரை வெயிலில் வெந்துகொண்டு நிற்கும் நம் பையன், "சும்மாத்தான் நிக்கிறேன்" என்கிறானே, அவனுக்கு இதைச் சொல்லுங்கள்.

"அது வெள்ளைக்காரன் ஊரு" என்பீர்கள். நம் நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு இதைவிட முந்திக்கொண்டது. அதுவும் உப்பளத் தொழிலாளர் வழக்கில்! செய்யூர் உப்பளத்தில் கால் வெந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். ஆகவே கொஞ்சம் விவரமாகவே சொல்லுகிறோம். சௌராஷ்டிரத்தில் தாராங்கதரா கெமிகல் ஒர்க்ஸ் என்ற கம்பெனி. அதன் உப்பளத்தில் அகரியாக்கள் என்ற தொழிலாளர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுப்பார்கள். குடும்பத்தோடு பாடுபடலாம், வேண்டுமானால் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், இத்தனை மணிக்கு வா என்ற கட்டாயமில்லை. விளைந்த உப்புக்கு மணங்குக் கணக்கில் காசு. கம்பெனி என்ன வாதாடியது? "இவர்கள் எங்கள் தொழிலாளிகளே அல்ல, சுதந்திரக் காண்டிராக்டர்கள்" என்றது. 1956-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. வேலை எப்படி நடக்கவேண்டும் என்று கண்காணித்துக் கட்டுப்படுத்துகிற உரிமை கம்பெனியிடம் இருக்கிறதா என்று பார்த்தது. இருக்கிறது, ஆகவே இவர்கள் தொழிலாளிகள் என்றது. உப்புப் பாத்திக்குப் பதிலாகக் காரை வைத்துப் பாருங்கள், மணங்குக்குப் பதிலாகக் கிலோமீட்டரை வைத்துப் பாருங்கள். என்ன வித்தியாசம்?

ஆனால் கோர்ட்டு எப்போதும் இப்படியே சொல்லிவிடும் என்று நம்பி உட்காரவும் முடியாது. 1978-ல் பஞ்சாப் நேஷனல் பாங்க் வழக்கு. பாங்கின் அதிகாரிக்கு டிரைவர் வைத்துக்கொள்ள ஒரு படி கொடுத்தார்கள். வண்டி பாங்குடையது, பெட்ரோல் பாங்குடையது, பழுதுபார்ப்பதும் பாங்கு. சம்பளத்தை மட்டும் அதிகாரி தன் கையால் கொடுத்தார். டிரைவர் பாங்கின் ஊழியரா? இல்லை, அதிகாரி சொந்தத்தில் வைத்துக்கொண்ட ஆள் என்று முடிந்தது. பாங்கு அவரைக் கட்டுப்படுத்தி வேலை வாங்கியதற்குச் சாட்சியம் போதவில்லை. தொழிலாளர்மேல் பரிவு மிக்கவர் என்று பெயரெடுத்த நீதிபதி கிருஷ்ணய்யர்தான் அந்தத் தீர்ப்பை எழுதினார். சாட்சியம் இல்லையென்றால் பரிவுள்ள நீதிபதியும் என்ன செய்வார்?

அதனால்தான் டிரைவர் தோழர்களிடம் நாம் ஓயாமல் சொல்லிவருகிறோம்: டிரிப் ஷீட்டைக் கிழித்து எறியாதே. வண்டிக்காரர் "நாளை 4 மணிக்கு ஏர்போர்ட்" என்று கைபேசியில் அனுப்பினாரே, அதை அழிக்காதே. கைபேசி வழியாக ஐநூறு போட்டாலும் அதில் "சம்பளம்" என்ற சொல் வரும்படி பார்த்துக்கொள். பரனூர் சுங்கச்சாவடியில் நீ கடந்த நேரம், டீசல் பில், எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதிவாரியாக எழுது. முதலாளியிடம் கணக்கு இருக்கிறது, சர்க்காரிடம் கணக்கு இருக்கிறது, செயலிக் கம்பெனியிடமோ நீ தும்மியதற்குக்கூடக் கணக்கு இருக்கிறது. கணக்கில்லாதவன் நீ ஒருவன்தான்.

இந்த நோட்டு எதற்கு உதவும்? விபத்தில் உயிர் போனால் அந்தக் குடும்பத்துக்கு உதவும். தாய்மார்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் ஓட வேண்டியவர்கள் நீங்கள்தான். டிரைவர்மேலேயே தவறு இருந்தாலும், வேலையில் இருக்கும்போது நேர்ந்த விபத்துக்கு நஷ்ட ஈடு உண்டு. 1923-ல் வந்த நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் இருந்த இந்த உரிமை இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. வண்டிக்குக் கட்டாயமாக எடுக்கிற இன்ஷூரன்ஸிலேயே, வண்டியை ஓட்டுகிற ஊழியருக்கான இந்தப் பொறுப்பும் அடங்கியிருக்கிறது. மோட்டார் விபத்துக் கோர்ட்டா, நஷ்ட ஈட்டுக் கமிஷனரா, எங்கே போவது என்பதை யோசித்துத்தான் போக வேண்டும். இரண்டிலும் வாங்க முடியாது, ஒன்றில்தான் கேட்கலாம். ஒரே ஒரு நாள் ஆக்டிங் போனவனாக இருந்தாலும் கேட்கலாம். அவன் அன்று அந்த வண்டிக்காரருக்காகத்தான் ஓட்டினான் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். பாடை கிளம்புமுன் பத்தாயிரத்தை நீட்டி, வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்க ஒருவர் வருவார். "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தான்" என்று கண்ணீர் விடுவார். பணத்தை வாங்கினாலும் தாளில் விரலை வைக்காதீர்கள்.

சொந்த வண்டிக்காரன் கதை தனி. பாங்கிலோ பைனான்ஸிலோ கடன் வாங்கிக் கார் எடுத்தவன். மாதம் பிறந்தால் டியூ. ஆர்.சி. புத்தகத்தில் அவன் பெயர், அதன்மேல் பைனான்ஸ் பிடி. இவனுக்குச் சம்பள பாக்கி கிடையாது. வேறு பயம் இருக்கிறது. ஒருநாள் காலையில் செயலியைத் திறந்தால் "ஐ.டி. பிளாக்"! ஏன் என்று கேட்க ஆளில்லை, ஆபீசில்லை. இயந்திரக் குரல் மட்டும் பதில் சொல்கிறது. மெமோ கொடுக்காமல் மில் கேட்டைச் சாத்தினால் நாம் சும்மா இருப்போமா? வாடகையில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் டிரைவருக்குச் சேரவேண்டும் என்று 2020-ல் மத்திய சர்க்கார் வழிகாட்டி வெளியிட்டது. ஆனால் மாநிலங்கள் ஏற்று அமல்செய்தால்தான் அதற்கு உயிர். இதற்குள் கம்பெனிகள் இன்னொரு வழி கண்டுபிடித்தன. கமிஷனே வேண்டாம், நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு ஓட்டிக்கொள் என்கின்றன. சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டு! 1910-ம் வருஷத்து லண்டன் ஷெட்டுக்கே திரும்பி வந்துவிட்டோம்.

இந்தச் செயலித் தொழிலாளர்களைப் பற்றிப் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு பேசத்தான் செய்கிறது. கம்பெனிகள் வருஷ வரவில் 1 முதல் 2 சதவீதம் வரை நிதிக்குக் கட்டவேண்டும் என்கிறது. வரவேற்கலாம். ஆனால் அதே தொகுப்பில், இவர்கள் முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்கிறவர்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறது. நிதியைக் கொடுத்துவிட்டு நிலத்தைப் பிடுங்குகிற காரியம். தமிழ்நாட்டில் டிரைவர்களுக்கென நல வாரியம் பல வருஷமாக இருக்கிறது. செயலித் தொழிலாளர்களுக்கும் 2023 டிசம்பரில் தனி வாரியம் அமைந்தது. பதிவு செய்துகொள்ளாமல் இருப்பது புத்திசாலித்தனமல்ல. தமிழர்களும் ஏராளமாக வாழும் சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் செயலி டிரைவர்களுக்கு வேலை விபத்து நஷ்ட ஈடும், அவர்கள் சார்பில் பேசச் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாகியிருக்கின்றன. கேரளத்தில் சர்க்காரே 2022-ல் "கேரள சவாரி" என்ற செயலியை ஆரம்பித்துப் பார்த்தது.

நியூயார்க் டிரைவர்கள் செய்ததை மட்டும் சொல்லி முடிக்கிறோம். அங்கே டாக்ஸி ஓட்டப் பதக்கம் போன்ற ஒரு பர்மிட் வேண்டும். அதன் விலையை ஏற்றிவிட்டு, ஒரு காலத்தில் பத்து லட்சம் டாலருக்கும் மேலே கொண்டுபோய், டிரைவர்கள் தலையில் கடனாகக் கட்டினார்கள். செயலி வண்டிகள் வந்ததும் விலை சரிந்தது, கடன் சரியவில்லை. தற்கொலைகள் நடந்தன. டிரைவர்களில் பெரும்பாலோர் நம் தேசங்களிலிருந்தும் பிற ஏழை நாடுகளிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள். 1998-ல் அமைந்த அவர்களுடைய சங்கம், குஜராத்தில் பிறந்த பைரவி தேசாய் என்ற பெண்மணியின் தலைமையில், 2021 இலையுதிர் காலத்தில் நகராட்சி மாளிகை முன்னால் முகாமிட்டது; 15 நாள் உண்ணாவிரதம் இருந்தது. நவம்பர் 3-ந் தேதி நகரசபை இறங்கிவந்தது. கடன்கள் 1,70,000 டாலராகக் குறைக்கப்பட்டு, மாதத் தவணைக்கும் உச்சவரம்பு விழுந்து, நகரமே ஜாமீன் நின்றது. அவர்கள் எல்லோரும் காகிதத்தில் "முதலாளிகள்"! ஸ்டியரிங்குக்குப் பின்னால் தனித்தனியாக உட்கார்ந்திருப்பவர்கள் சங்கம் சேரமாட்டார்கள் என்று நம் ஊரில் சொல்லுகிற ஆசாமிகள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

வேலைநிறுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய தொழிலுறவுத் தொகுப்பில் எந்தத் தொழிலானாலும் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் ஸ்டிரைக் செய்தால் சட்டவிரோதம். பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டாலும் அது ஸ்டிரைக் கணக்கு. தகராறைச் சமரச அதிகாரியிடம் கொண்டுபோகவும் இரண்டு வருஷக் கெடு. இது மில்லுக்கும் பொருந்தும், டிராவல்ஸுக்கும் பொருந்தும். "நீ தொழிலாளியே இல்லை" என்று கம்பெனியே சொல்லிவிட்ட செயலி டிரைவர், கைபேசியை அணைத்துவைத்தால் அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பார்களோ தெரியவில்லை. அதைக் கம்பெனிதான் யோசிக்க வேண்டும்!

மில் தோழர்களுக்குத் தனியாக ஒரு சங்கதி. கம்பெனி வாசலில் நீங்கள் ஸ்டிரைக் உட்காரும்போது, மாற்று ஆட்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வா என்று முதல் உத்தரவு போவது காண்டிராக்ட் வேன், கார் ஓட்டுகிறவனுக்குத்தான். வழிமறித்துத் திட்டியிருக்கிறீர்கள். அவனுடைய மூன்று மாதச் சம்பள பாக்கியைப் பற்றி அதற்கு முந்தின நாள்வரை யாராவது விசாரித்தோமா? நோட்டெழுதத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். டிரைவர்களுக்குப் பகலில் ஒழிவு கிடையாது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஸ்டாண்டில்தான் இருப்பார்கள். இரண்டிரண்டு பேராகப் போங்கள். முதலில் வாரியப் பதிவு யார் யாருக்கு இல்லை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று மட்டும் எழுதி வாங்கி வாருங்கள். மனு நாம் சேர்ந்து உட்கார்ந்து தயார் செய்யலாம்.